வைசூரி வண்டியின் பின்கதவு

கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் பிச்சைமணிக்கு ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் இருந்தது. 1981ஆம் வருஷம், மழை பிடிப்பதற்கு முன்னால், ஹோட்டல் முதலாளி சிவராமகிருஷ்ணன் ஒரு பழைய வேனைக் கயிறு கட்டி இழுத்து வந்து அங்கே நிறுத்தினார். முப்பத்தெட்டாம் வருஷத்து பெட்போர்டு; ரொட்டி வண்டியாக ஓடியதென்று கேள்வி. தரைப்பலகை உளுத்துப்போயிருந்தது. பின்கதவுகளே இல்லை.

"பழைய வண்டிக் காட்சியில நிறுத்தணும். எல்லாம் ஒரிஜினலா இருக்கணும் கேட்டியா. வண்டி யார் யார் கையில இருந்ததுன்னும் எழுதித் தரணுமாம். அதையும் விசாரிச்சுடு" என்றார்.

பிச்சைமணிக்கு முப்பத்தெட்டு வயது. மனுஷர்களிடம் காட்டாத பொறுமையை இரும்பிடம் காட்டுவான். சேஸிஸ் நம்பரைத் தேய்த்தெடுத்துக்கொண்டு புரோக்கர்களிடம் அலைந்தான். கார்புரேட்டர் ஒரு படகுக்காரரின் பரணில் கிடைத்தது. கதவுகளைத் தேடிக் கும்பளங்கி வரை போனான். அங்கே மீன் வளர்க்கும் ஒருவர் அவற்றை வாத்துக் கொட்டிலுக்கு வைத்திருந்தார்.

கழுவிப் பார்த்தபோது அவனுக்கு ஏதோ உறுத்தியது. உள்பக்கம் கைப்பிடி கிடையாது. இருந்து கழன்ற அடையாளமும் இல்லை. வெளிப்பக்கம் கட்டைவிரல் பருமனில் இரண்டு தாழ்ப்பாள்கள். மேலே உள்ளங்கை அகலத்துக்குக் கம்பிவலை. ரொட்டி வண்டிக்கு எதற்கு இப்படி?

"ஆலுவாயில வறீதுன்னு ஒரு டிரைவர். அவர்கிட்டதான் வாங்கினேன்" என்றார் மீன்காரர்.

வறீது ஆலுவா ஸ்டேஷனுக்குப் பின்னால் மகள் வீட்டில் இருந்தார். எழுபது தாண்டியவர். முகமெல்லாம் அம்மைத் தழும்பு.

"ரொட்டியா? வைசூரி வண்டி மோனே அது" என்றார். "மிளகு விக்கற கச்சவடக்காரங்க சங்கம் ஒண்ணு வாங்கி விட்டது. மட்டாஞ்சேரிக்கு மொத்தம் அந்த ஒரு வண்டிதான். எனக்கு வைசூரி முன்னாடியே வந்து போனதால, இனி ஒட்டாதுன்னு என்னைப் பிடிச்சு ஓட்டச் சொன்னாங்க. சங்கம் கலைஞ்சதும் வண்டி எனக்கு வந்தது. அந்தக் கதவோட இருந்தா ஒருத்தனும் சரக்கு ஏத்தமாட்டான். கழட்டி வித்துட்டேன்."

"ஏத்தினது... செத்தவங்களையா சேட்டா?"

"போகும்போது உயிரோடதான். ஏலூர்ப் பக்கம் ஆத்தோரம் ஒரு கொட்டகை. திரும்ப ஒருத்தரையும் நான் கொண்டுவந்ததில்லை."

அவர் ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். தேதி, ஆண், பெண். பெயர் கிடையாது. 1950 கார்த்திகையில் மட்டும் பதினோரு பெண்கள்.

அந்தக் கார்த்திகையில்தான் பிச்சைமணியின் அம்மா ஒச்சம்மாள் வைசூரி கண்டு இறந்தாள். அவனுக்கு ஏழு வயது. விடிகாலையில் வீட்டிலேயே உயிர் போய்விட்டதாக அப்பா சொல்லியிருந்தார். அடக்கம் பண்ணியதைப் பார்த்த ஞாபகம் மட்டும் அவனுக்கு இல்லை.

பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தான். அப்பா ராசப்பன் வாசலில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார். கிடங்கில் மூட்டை தூக்கித் தூக்கி முதுகு வளைந்துபோனவர்.

"அய்யா, அம்மாவை வேன்லயா ஏத்துனீக?"

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "யாரு சொன்னா?"

"ஏத்துனீகளா இல்லையா?"

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "லயத்துல வரிசையாக் குடியிருந்த எல்லாரும் வாசல்ல வந்து நின்னுட்டாக. அவளை அனுப்பு, இல்லாட்டி பிள்ளைகளோட வெளிய போன்னாக. பாக்கியம் அப்ப கைப்பிள்ளை. நான் எங்கடா போவேன்? ஆஸ்பத்திரிக்குன்னு சொன்னேன். அவளா நடந்து வந்து ஏறினா."

"அப்புறம்?"

"கதவைச் சாத்தினதும் தட்ட ஆரம்பிச்சுட்டா. பிள்ளைக்கு ஒரு வாய் பால் குடுத்துட்டு வாறேன்னு கத்துனா." அவர் கிளாஸை ஓரமாகத் தள்ளி வைத்தார். "தாழ்ப்பாளைப் போட்டது நான்தான்டா."

பிச்சைமணி அப்பாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதன்பிறகு அவரோடு உட்கார்ந்து சாப்பிடவும் இல்லை. வேளாவேளைக்குச் சோறு மட்டும் போய்விடும்.

வேனை முடித்து, கதவுகளை மாட்டி, விசாரித்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதி முதலாளியிடம் கொடுத்தான். சிவராமகிருஷ்ணன் இரண்டு தடவை படித்தார்.

"இதை எப்படிடா ஜனங்க முன்னால வைக்கறது? ரொட்டி வண்டின்னு எழுதிக்கலாம். அந்தத் தாழ்ப்பாளையும் அறுத்து எடுத்துடு."

"எல்லாம் ஒரிஜினலா வேணும்னு நீங்கதானே கேட்டீங்க முதலாளி. நான் அறுக்கமாட்டேன்."

வேறு ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் அறுத்தார்கள். வேன் மஞ்சள் பெயின்ட் அடித்துக்கொண்டு காட்சிக்குப் போய்வந்து ஹோட்டல் வாசலில் நின்றது. அந்தப் பக்கம் ஏதாவது வேலை வந்தால் பிச்சைமணி மறுத்துவிடுவான்.

மறு வருஷம் ஆடியில் ராசப்பன் போய்ச் சேர்ந்தார். மகன் செய்யவேண்டியதை ஒன்று விடாமல் செய்தான். காரியம் முடிந்த பிறகுதான் தங்கை பாக்கியலக்ஷ்மியிடம் எல்லாவற்றையும் சொன்னான். "எனக்காகவா கத்துனா?" என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

கார்த்திகையில் இருவரும் ஏலூருக்குப் போனார்கள். கொட்டகை இருந்ததாக வறீது சொன்ன இடத்தில் நீளமாக ஒரு தொழிற்சாலையின் மதில் சுவர். காவல்காரர் உள்ளே விடவில்லை. "இங்க அப்படியொண்ணும் இருந்ததில்ல" என்றார். பாக்கியலக்ஷ்மி மதில் ஓரத்திலேயே கொஞ்சம் மண்ணை ஒதுக்கிச் சூடம் ஏற்றினாள். காற்றில் இரண்டு தரம் அணைந்தது. மூன்றாவது தரம் பிச்சைமணி குனிந்து கைகளால் மறைத்துப் பிடித்துக்கொண்டான். அது எரிந்து தீரும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள். அதற்குள் ஒரு பஸ் போய்விட்டது; அடுத்ததற்கு முக்கால் மணி நேரம் நின்றார்கள்.