ஒரே நாளில் மூன்று தண்ணீர்

கோலாலம்பூரில் கோடை என்று ஒன்று கிடையாது. மழை பெய்துகொண்டிருக்கும், இல்லாவிட்டால் பெய்யப் போகும். ஆகவே, ‘கோடைக்கால வகுப்பு’ என்று அச்சிட்ட கடிதம் ஒன்று மதராஸிலிருந்து பிரிக்பீல்ட்ஸில் இருந்த எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது, எட்டு வயதான நான் அதை ஏதோ ஒரு சிகிச்சை என்றுதான் எண்ணிக்கொண்டேன்.

கடிதம் அத்தைக்கு வந்தது. அத்தை என் அப்பாவின் தங்கை. பக்கத்திலிருந்த பெண்கள் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. பயிற்சிச் சான்றிதழ் இல்லாத ஆசிரியை; அதாவது, எந்தத் திங்கட்கிழமையும் ‘இனி வர வேண்டாம்’ என்று சொல்லிவிடக்கூடிய ஆசிரியை. ஈப்போவில் ஒரு மாப்பிள்ளை வேறு பேசி வைத்திருந்தார்கள். கையில் சான்றிதழ் இருந்தால் கல்யாணத்துக்குப் பிறகும் வேலை பார்க்கலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் பெருந்தன்மையோடு சம்மதித்திருந்தார்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் அடுப்படி. ஆவணியில் கல்யாணம். இந்த வைகாசியை விட்டால் அத்தைக்கு வேறு வைகாசி இல்லை.

மதராஸில் ஒரு பயிற்சிக் கல்லூரி, கடல் கடந்த ஊர்களின் ஆசிரியைகளுக்காக ஐந்து வார வகுப்பு நடத்தியது. ஒவ்வோர் ஆசிரியையும் மாதிரிப் பாடம் நடத்திக் காட்டுவதற்கு ஒரு மாணவியை அழைத்து வரலாம். பிற்காலத்தில் நானே கல்வி இலாகாவில் உட்கார்ந்து, வெளிநாட்டு வகுப்புகளுக்குப் போகிறவர்களின் விண்ணப்பங்களை வருஷக்கணக்கில் பார்த்தேன். எதற்கு எத்தனை நகல், எந்த நகலில் யார் கையெழுத்து என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அந்த முதல் பயணத்துக்கு உண்மையில் அனுமதி வாங்கித் தந்தது யார் என்பது மட்டும் எனக்கு வெகுகாலம் தெரியவில்லை.

அப்பா ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. எதையும் மறுக்க மாட்டார், நிபந்தனை போடுவார்.

“பொம்பளப் புள்ள தனியா கப்பல்ல போகக் கூடாது. தொணைக்கு ஆள் வேணும்” என்றார்.

“பாப்பா வரட்டும் அண்ணே. மாணவி ஒருத்தி வரலாம்னுதான் போட்டிருக்கே” என்றாள் அத்தை.

அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். முன்பற்கள் இரண்டு அப்போதுதான் பாதி வளர்ந்திருந்தன. “சரி. நீதான் அத்தைக்குத் தொணை. கண்ணும் கருத்துமா பாத்துக்கணும்” என்று அவளை என்னிடம் முழு மரியாதையோடு ஒப்படைத்தார். அன்று முதல் அத்தை கொல்லைப்பக்கம் போனாலும் நான் பின்னாலேயே போனேன்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது, கப்பல் கம்பெனி அம்மை குத்திய தழும்பைக் கேட்கும்வரை. குழந்தையில் எனக்குக் குத்திய அம்மை எழும்பவில்லையாம். கையில் தழும்பு இல்லை. மறுபடி குத்தி, எழும்பியதைப் பார்த்து, ஆஸ்பத்திரியில் ஊசியும் மருந்தும் போடும் டிரஸர் எழுதித் தந்தால்தான் கப்பலில் இடம். டிரஸர் எங்கள் வரிசையிலேயே மூன்றாம் வீடு. கையைக் கீறிவிட்டு, “எட்டு நாள்ல பாக்கறேன் லா. பலாக்கொட்ட மாதிரி வீங்கும், சொறியாத” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீங்கியது. காய்ச்சலும் வந்தது. டிரஸர் பார்த்துப் பரவசமாகி, “இதுபோல எழும்பி நான் பாத்ததே இல்ல” என்று கையெழுத்துப் போட்டார். வியாழக்கிழமை கப்பல். அன்று செவ்வாய்.

செவ்வாய் சாயங்காலம் வாசல் நிலையில் வேப்பிலை தொங்கியது.

கட்டியது அம்மாதான். எங்கள் வீட்டில் அம்மை என்பது நோயல்ல, வந்திருப்பது ஆத்தா. தானாக வந்தால் என்ன, டிரஸர் ஊசியால் கீறி அழைத்தால் என்ன, வந்தவள் வந்தவள்தான். வீட்டில் தாளிப்பு நின்றது. வாசற்படியைத் தாண்டி வெளியார் யாரும் வரக் கூடாது, நான் போகக் கூடாது. மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை, ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று முறை தலைக்கு ஊற்ற வேண்டும். மூன்றாம் தண்ணீரோடுதான் ஆத்தா விடைபெறுவாள். அதுவரை ஆற்றைக்கூடத் தாண்டக் கூடாது.

அத்தை பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். “ஆத்தத்தானே தாண்டக் கூடாது அண்ணி? கடலப் பத்தி யாரும் சொல்லலையே” என்றாள்.

“டீச்சரம்மா, வாய அடக்கு” என்றாள் அம்மா. அத்தையை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். பாதி கேலி, பாதி பெருமை.

அப்பா நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தார். புதன் ஒன்று, வெள்ளி இரண்டு, ஞாயிறு மூன்று. ஆபீஸ் விதியையும் ஆத்தா விதியையும் அவர் ஒரே கண்ணோடு பார்ப்பவர்; இரண்டிலும் விலக்குக் கேட்டு எழுதத் துணியாதவர். “கப்பல் போயிடும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்று நாட்காட்டியை மாட்டினார்.

“அடுத்த வருஷம் நான் ஈப்போல இருப்பேன் அண்ணே” என்றாள் அத்தை. பெட்டியைத் திறந்து, மடித்து வைத்த சேலைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். அவள் அழுதிருந்தால் எனக்குப் பயமாக இருந்திருக்காது.

அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மறுநாள் காலை வெயில் வந்ததும் முற்றத்தில் மூன்று குடம் இருந்தது. அம்மா எனக்கு முதல் தண்ணீரை ஊற்றினாள். துவட்டி, அறைக்குள் கொண்டுபோய், ஜன்னல் கதவுகளை எல்லாம் சாத்தி, விளக்கேற்றினாள்.

“படு. ராத்திரி ஆயிடுச்சு.”

“இப்பதானே பசியாறினோம்?”

“ஆயிடுச்சுன்னா ஆயிடுச்சு. கண்ண மூடு.”

மூடினேன். சிறிது நேரம் கழித்து விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தாள். “எந்திரி, விடிஞ்சிடுச்சு.” தோசை தந்தாள். மறுபடி ஜன்னலைச் சாத்தினாள். மறுபடி இரவு, மறுபடி விடிவு. இடைவெளி நாள் ஒன்றைக்கூட அவள் திருடவில்லை. ஒவ்வொன்றையும் எனக்கு முறையாகக் கொடுத்தாள். மதியம் இரண்டாம் தண்ணீர். மாலை வெயில் சாய்வதற்குள் நான் நான்கு இரவுகள் தூங்கி நான்கு முறை பசியாறி, மூன்றாம் தண்ணீருக்கு வந்து நின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமான வாரம் வேறு கிடையாது.

ஒவ்வொரு குடத்தையும் கவிழ்க்கும்போது அம்மா மெதுவாக ஏதோ சொன்னாள். காதில் தண்ணீர் இறங்கியதால் பாதிதான் கேட்டது. “தாயே, கொற இருந்தா எந்தலைல வை. புள்ளைங்கள விட்டுரு.” அதுவும் சடங்கில் ஒரு வரி என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா ஆபீஸிலிருந்து வந்தபோது வாசலில் வேப்பிலை இல்லை. அடுப்பில் கடுகு வெடித்துக்கொண்டிருந்தது.

“ஒரே நாள்லயா?” என்றார்.

“புள்ளைய கேளுங்க. நாலு ராத்திரி தூங்கிட்டா” என்றாள் அம்மா.

நான் சத்தியம் செய்தேன். அப்பா நாட்காட்டியை ஒருமுறை பார்த்தார். பிறகு துறைமுகத்துக்கான ரயில் பாஸை எடுத்து அத்தையிடம் நீட்டினார். அத்தை அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அம்மா, “தள்ளு, கையெல்லாம் மஞ்சள்” என்றாள்.

கப்பல் பயணமும் சேர்த்து அந்த ஏழு வாரங்களை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. கோடை என்றால் என்ன என்று மதராஸில் தெரிந்துகொண்டேன் என்று மட்டும் சொல்கிறேன். அத்தை சான்றிதழ் வாங்கினாள். ஈப்போவில் தலைமையாசிரியையாகி ஓய்வு பெற்றாள். முப்பது ஆசிரியைகள் முன்னால் கரும்பலகையில் கணக்குப் போட்டு, கைதட்டல் வாங்கிய நானும் புத்தகத்தை அதற்குப் பிறகு கீழே வைக்கவில்லை. இன்று நான் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு ஊரைக் குறை சொல்லிக்கொண்டிருக்க முடிகிறதென்றால், அதன் தொடக்கம் அங்கேதான்.

பல வருஷம் கழித்து, நான் ஒரு பயிற்சிக்காக லண்டன் புறப்பட்ட சமயத்தில்தான் அத்தை சொன்னாள். அந்த மூன்று குடமும் அம்மாவுக்குத் தந்திரமல்ல. ஆத்தாவை அவசரப்படுத்தி அனுப்பியது பெருங்குற்றம் என்று அவள் மனமார நம்பினாள். நம்பிக்கொண்டேதான் ஊற்றினாள். பிள்ளைகள் முழுசாகத் திரும்பி வரும்வரை உப்பில்லாமல் சாப்பிடுவதாக நேர்ந்துகொண்டு, அன்றிரவே தொடங்கிவிட்டாள். கப்பலில் ஏறும்போது இந்த நேர்ச்சை அத்தைக்கு மட்டும் தெரியும். எனக்குச் சொல்லக் கூடாது என்று அம்மா அவளிடம் வாக்கு வாங்கியிருந்தாள்.

நாங்கள் திரும்பி வந்த அன்று அம்மா மெலிந்திருந்தாள். வேலை அதிகம் போலிருக்கிறது என்று எண்ணினேன். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, எங்களோடு உட்கார்ந்து, மீன் குழம்பில் ஒரு வாய் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தாள். வைத்தவள் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தாள். அத்தை தலையைக் குனிந்துகொண்டாள்.

“என்னம்மா, அவ்வளவு ருசியா?” என்று கேட்டேன்.

“உப்பு சரியா இருக்கான்னு பாத்தேன்” என்றாள்.

“எப்பவும் போலத்தானே இருக்கு” என்று சொல்லிவிட்டு, மதராஸில் கடற்கரை எவ்வளவு நீளம் என்று அவளுக்கு விளக்க ஆரம்பித்தேன்.