ஏகாதசியன்று எடுத்த பல்

போன வாரம் என் அக்கா ஒரு பல் டாக்டரிடம் கூசாமல் பொய் சொன்னாள்.

பெரிய பொய் இல்லை. "சாப்பிட்டாச்சாம்மா?" என்று டாக்டர் கேட்டார். "ஆச்சு" என்றாள். அவ்வளவுதான்.

இடம், திருச்சி புத்தூரில் ஒரு கிளினிக். டாக்டர், பாலக்கரையில் பிறந்து வளர்ந்த பெண். தலையில் முக்காடு, அதற்கு மேல் ஒரு சின்ன விளக்கு. அக்கா ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிக்காரி. கடைவாய்ப் பல் சொத்தையாகி, மாதக் கணக்கில் ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்தாள். சில ராத்திரிகளில் அதுவும் இல்லை, வெறும் மோர்.

ஏற்கெனவே இரண்டு முறை அழைத்து வந்திருக்கிறேன். இரண்டு முறையும் கிளினிக் மாடிப்படியிலிருந்தே திரும்பிவிட்டாள். இந்த முறை தேதியை அவளே குறித்தாள். எனக்கு ஒரே சந்தோஷம். ஏன் குறிப்பாக அந்த நாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் தினசரி காலண்டர். எங்கே எழுத்தைக் கண்டாலும் படித்துவிடுவது என் தொழில் தந்த வியாதி. தேதிக்குக் கீழே, பொடி எழுத்தில்... ஏகாதசி.

அக்கா ஏகாதசியன்று பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடமாட்டாள். அவள் போட்ட கணக்கு அப்போதுதான் புரிந்தது. பல்லை எடுத்தால் எப்படியும் சாப்பிட முடியாது. ஏகாதசியிலும் சாப்பிடப் போவதில்லை. இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டால் ஒரு பட்டினி மிச்சம்! ஸ்ரீரங்கத்தை விட்டால் வேறு எந்த ஊரில் இப்படிக் கணக்குப் போடுவார்கள்?

சொல்வதா, வேண்டாமா? சொன்னால், "இன்னொரு நாள் வாங்க" என்பார் டாக்டர். அந்த இன்னொரு நாள் வரவே வராது. சொல்லாவிட்டால்... ஊசி தயாராகிவிட்டது.

"டாக்டர், அக்கா காலையிலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடலை. இன்னிக்கு ஏகாதசி."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பத்திரிகைக்காரன் புத்தி போறதா பாரு."

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். மாத்திரை ஏதாவது உண்டா என்று கேட்டார். பிரஷர் மாத்திரை உண்டு. சாப்பாட்டுக்கு அப்புறம் போடுவது. சாப்பாடே இல்லாததால் அதுவும் இல்லை. கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். பிரஷர் ஏறித்தான் இருந்தது.

அவர் கோபப்படவில்லை. "எங்க வீட்லயும் இதே கதைதாம்மா. நோன்பு மாசத்துல எங்க மாமியாரே சொல்லாம வந்து உக்காந்துட்டாங்க" என்று சிரித்தார்.

பிறகு நிதானமாக விளக்கினார். இது ஆளை மயக்குகிற ஊசி இல்லை. அந்த இடம் மட்டும் மரத்துப்போகும். நினைவு இருக்கும், பேச்சு கேட்கும். அவருக்கு ஊசியைப் பற்றிப் பயமில்லை. வெறும் வயிறு, படபடப்பு, விட்டுப்போன மாத்திரை... இந்த மூன்றும் ஒன்று சேர்வதுதான் பயம். தலை சுற்றி விழுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தானாம்.

"ஊசியில பாதிதாம்மா பாதுகாப்பு. மீதி, நீங்க சொல்ற பதில்ல இருக்கு" என்றார். "சரி, பாலும் பழமும் ஆகும்ல?"

அக்கா யோசித்தாள். "ஆகும்" என்றாள் கடைசியில், ரங்கநாதரிடமே உத்தரவு வாங்கியவள்போல.

கீழே ஓடினேன். இரண்டு பூவன் பழம், பேப்பர் கப்பில் பால். அண்ணாந்து குடித்தாள். மாத்திரையும் உள்ளே போனது. ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள்.

ஓடிவிடுவாளோ என்று வாசல் பக்கமாக நான் உட்கார்ந்துகொண்டேன். அவளோ, "சின்னக்கடை வீதி ஞாபகம் இருக்கா?" என்றாள்.

இல்லாமலா? ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே மாடி அறை. ஸ்பிரிட் வாசனை. மர நாற்காலி. கண்ணாடி ஜாடியில் யார் யாருடைய பற்களோ. அக்காவுக்கு ஒன்பது வயதிருக்கும். ஆடுகிற பல்லுக்கு ஊசி எதற்கு, ஊசியே வலிக்குமே என்றார் அந்த டாக்டர். அப்பா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நான் கதவோரம். அவள் போட்ட கூச்சலில் கீழே துணி கிழிக்கும் சத்தம் ஒரு கணம் நின்றுபோனது.

அப்புறம் ரோஸ் மில்க். அப்புறம் பஸ். காவிரிப் பாலம் முழுக்க அவள் அப்பா மடியில்.

"அப்பா கை எப்படி வேர்த்துதுன்னு தெரியுமாடா? என்னைவிட அவர்தான் பயந்துண்டிருந்தார். பல் டாக்டர்னாலே எனக்கு அந்த ஈரக் கைதான் ஞாபகம் வரும்."

இது எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் அவள் வலிக்குத்தான் பயப்படுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது பிரஷர் இறங்கியிருந்தது. நாற்காலியில் சாய்ந்ததும் அக்கா என் பக்கம் கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். ஊசி இறங்கியபோது என் விரல்கள் நொறுங்கின. சில நிமிடங்களில், "உதடு தடிச்சுடுத்தாடா?" என்று குழறலாகக் கேட்டாள். இல்லை என்றேன். அப்போதுதான் அவள் கை தானாகத் தளர்ந்து என் கையை விட்டது.

டாக்டர் குனிந்தார், நிமிர்ந்தார். "எப்போ ஆரம்பிப்பேள்?" என்றாள் அக்கா. பல் தட்டில் கிடந்தது.

அந்தக் காலத்தில் வலிக்கு ஊசி எல்லோருக்கும் கிடைக்கவில்லை. வேர்க்கிற ஒரு கைதான் கிடைத்தது. இன்றைக்கு ஊசிதான் நல்லது, சந்தேகமே இல்லை. ஆனாலும் அவள் கையை விட்ட அந்த நொடியில், என் கை கொஞ்சம் காலியாகத்தான் இருந்தது.

திரும்பும்போது மறுபடியும் காவிரிப் பாலம். அக்காவின் வாயில் பஞ்சு. ஜன்னலோரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் காலை போன். குழைந்த தயிர் சாதத்தில் பாரணை முடிந்ததாம். விரதம் முடித்த தெம்பு குரலில் தெரிந்தது.

"கீழ் வரிசையில இன்னொண்ணு இருக்குடா. டாக்டர்கிட்ட நாள் கேளு. ஏகாதசி வேண்டாம். நீயும் வா, கையைப் பிடிச்சுக்க ஆள் வேணும்..."

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தாள்: "ஊசி போடற வரைக்கும்தான்."