இன்ஸ்பெக்டர் நகரசபைக்குப் புறப்பட்டார்

அன்று எங்கள் குவீன் ஸ்திரீட் வீட்டில் இருந்தவர்கள்: ஜவுளிக்கடை சண்முகம் பிள்ளை, வழக்கறிஞர் அலுவலகக் குமாஸ்தா சவரிமுத்து, துறைமுகக் கங்காணி வேலாயுதம், போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்ற என் கணவர், பெண்கள் பள்ளியில் ஆசிரியையான நான். ஊராரின் நம்பிக்கையைக் கேட்டுப் பெறுவது அரசியல் தொழில். ஊரார் எவரையும் நம்பாதிருப்பது போலீஸ் தொழில். இதிலிருந்து அதற்கு ஒருவர் மாறினால் வீட்டிலுள்ளவர் படும் பாட்டை, அப்படிப்பட்டவரோடு குடித்தனம் நடத்தும் சகோதரிகள் அறிவார்கள்.

கடல் கடந்து வந்து நாங்கள் குடியேறிய இந்த ஊரின் நகரசபைக்கு இந்தியர் ஒருவரைக் கவர்னர் நியமிப்பார். எங்கள் இந்தியர் சங்கம் யார் பெயரை அனுப்புகிறதோ, அவருக்கே அந்த நாற்காலி என்பது வழக்கம். பணிக்காலம் முழுவதும் துரைமார் முன்னால் விறைத்து நின்ற மனிதர், அவர்களோடு ஒரே மேசையில் உட்கார விரும்பினார். நானும் அதை விரும்பினேன், மறைப்பதற்கில்லை.

தனித்தனி அறை

அந்த மூவரும் வந்தது, சங்கக் கூட்டத்தில் அவர் பெயரை முன்மொழியப் போவதாகத் தெரிவிக்கத்தான். என் கணவர் நன்றி கூறவில்லை. பிள்ளையைக் கூடத்திலும், சவரிமுத்துவைச் சாப்பாட்டு அறையிலும், வேலாயுதத்தைப் பின்கட்டிலும் அமர்த்தி, தம்மை ஏன் ஆதரிக்கிறார்கள் என்று ஒவ்வொருவரையும் தனியே விசாரித்தார். நேர்மையானவர் என்றார் பிள்ளை. ஆங்கிலம் அறிந்தவர் என்றார் சவரிமுத்து. துரைமாருக்குப் பயப்படாதவர் என்றார் வேலாயுதம்.

"மூணு பேரும் மூணு விதமாச் சொல்றாங்க. எதையோ மறைக்கிறாங்க" என்று அடுப்படிக்கு வந்து என்னிடம் கிசுகிசுத்தார். ஒரே விதமாகச் சொல்லியிருந்தால், பேசி வைத்துக்கொண்டு வந்தார்கள் என்றிருப்பார். பின்கட்டில் வெயிலில் காத்திருந்த வேலாயுதம், கதவருகே தலையை நீட்டிக் கேட்டார்: "அக்கா, எங்கள வீட்டுக்கு விடுவாரா, இல்ல ஜாமீனுக்கு ஆள் கூட்டியாரணுமா?"

கங்காணி வீட்டுக் காபி

பிறர் வீட்டில் எதையும் முதலில் பருகுவதில்லை என்பது என் கணவர் உத்தியோக காலத்தில் வைத்துக்கொண்ட விதி. ஆதரவு தேடித் துறைமுகத் தொழிலாளர் குடியிருப்புக்குப் போனபோதும் அதை அவர் கைவிடவில்லை. வேலாயுதம் வீட்டில் காபி வந்தது. வாசலில் ஆணும் பெண்ணுமாகக் கூட்டம். என் கணவர் சாவதானமாகத் தம் கோப்பையை வேலாயுதத்தின் பக்கம் நகர்த்தி, அவருடையதை எடுத்துக்கொண்டு, அவர் ஒரு வாய் குடிக்கும்வரை காத்திருந்தார். கங்காணியின் மனைவி முந்தானையால் கையைத் துடைத்தபடி சொன்னாள்: "சீனிதான் கொஞ்சம் கம்மி லா, அண்ணே. வேற ஒண்ணும் கலக்கல."

சாவு வீட்டில்

பொதுவாழ்வுக்கு வந்தவர் சாவு வீடுகளுக்குப் போயாக வேண்டும். மௌனமாக உட்கார்ந்து, கையைப் பற்றி, எழுந்து வந்தால் போதும் என்று நான் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன். போனவர், இறந்தவரைக் கடைசியாகப் பார்த்தது யார், அப்போது அறைக்கதவு திறந்திருந்ததா, அருகில் வேறு யார் இருந்தார் என்று தொடங்கிவிட்டார். மருமகன் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னார்: "மாமாவுக்குத் தொண்ணூறு வயசு, சார். நாங்க யாரும் அவசரப்படுத்தல."

ஆட்சேபணை

சங்கக் கட்டடத்தில் கூட்டம். நான் பெண்களோடு பின்வரிசையில் இருந்தேன். இத்தனைக்குப் பிறகும் பிள்ளை சொன்ன சொல் தவறாமல் முன்மொழிந்தார், சவரிமுத்து வழிமொழிந்தார். ஆட்சேபணை உண்டா என்று தலைவர் கேட்டார். ஒரு கையும் உயரவில்லை. கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டிய நேரத்தில் என் கணவர் எழுந்தார்.

"இத்தனை பேர்ல ஒருத்தருக்குக்கூட ஆட்சேபணை இல்லையா? இத யார் ஏற்பாடு பண்ணது?"

வேடிக்கை என்றெண்ணிச் சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பிள்ளையின் கடையில் நேற்று யார் யார் கூடினார்கள், என்ன பேசினார்கள் என்று முன்வரிசையிலிருந்து ஒவ்வொருவராகக் கேட்கலானார். சிரிப்பு அடங்கியது. பிள்ளை அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"தலைவர் அவர்களே, ஆட்சேபணை ஒண்ணு வந்திருக்கு. நம்ம இன்ஸ்பெக்டரே கொண்டுவந்திருக்காரு. நான் முன்மொழிஞ்சத வாபஸ் வாங்கிக்கிறேன்."

கடைசிச் சாட்சி

அன்றே வேறொருவர் பெயர் கவர்னருக்குப் போயிற்று. மறுநாள் காலை என் கணவர் என்னை எதிர் நாற்காலியில் உட்காரச் சொன்னார். சவரம் செய்திருந்தார், பொத்தான்கள் கழுத்துவரை பூட்டியிருந்தன.

"போன வாரம் மார்க்கெட் ஸ்திரீட்டுல, பிள்ளை கடைக்குள்ள அவர் சம்சாரத்தோட ரொம்ப நேரம் பேசிட்டிருந்தியாமே. என்ன பேசின?"

நகரசபைக்கு அவர் அணிந்து செல்லக் கோட்டுத் துணி தேர்ந்துகொண்டிருந்தேன் அன்று. ஊரே ஒருமனதாய் நீட்டிய நாற்காலியைச் சாட்சி சரியில்லை என்று தள்ளியவரிடம் என் வாக்குமூலம் மட்டும் எடுபடவா போகிறது என்று, குடையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன்.