தொட்ட காய்

சட்டைக் கையால் சதுரங்கப் பலகையைத் துடைத்துவிட்டு, கறுப்புக் காய்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார் கச்கின். "வெள்ளையெல்லாம் அவசரக்காரனுக்கு" என்பார். டிராலி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பிஷ்கெக் நகரப் பூங்காவின் ஓக் மரத்தடியில்தான் இப்போது பகல் முழுக்க இருக்கிறார். காய்ந்த தயிர் உருண்டை ஒன்று கன்னத்தில் ஊறிக்கொண்டே இருக்கும். அது இடக் கன்னத்திலிருந்து வலக் கன்னத்துக்குப் போனால் எதிராளி சுதாரித்துக்கொள்வது நல்லது.

குதிரையை வைத்துவிட்டு எவனாவது நாக்கைக் கடித்தால், "எடுத்துக்கப்பா, வேற எடத்துல வை" என்கிறார். வேடிக்கை பார்க்கிற கூட்டம் விடுமா?

"என்னண்ணே, ஹஜ்ஜுக்குப் போயிட்டு வந்துட்டீங்களா?"

போன வசந்தம்வரை இவர் இப்படி இல்லை. தொட்டால் தொட்டதுதான், அந்தக் காயையே நகர்த்தியாக வேண்டும். காயை நேராக்குவதானாலும் "சரிபண்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

அந்த வசந்தத்தில் ஒருநாள் எதிரே ருஸ்தெம். கடிகாரம் பழுதுபார்க்கும் தாத்தார் இனத்துக்காரர், பல வருடக் கூட்டாளி. அவர் விரல் ராணிமேல் பட்டுவிட்டது. ராணியை நகர்த்தினால் ஆட்டம் போச்சு.

"நான் தொடல தம்பி."

"தொட்டீங்கண்ணே. ஊரே பாத்துச்சு."

"விட்டுடு, கச்கின்."

"ஏமாத்தப் பாக்கறீங்களா?"

அந்த வார்த்தையை ருஸ்தெமால் தாங்க முடியவில்லை. "கை நடுங்குதுடா. போதுமா?"

சுற்றி நின்றவர்களில் பாதிப்பேர் அவரிடம் கடிகாரம் கொடுப்பவர்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கடிகாரங்கள் மட்டும் வேறு கடைக்குப் போயின. இலையுதிரும் முன்னே ருஸ்தெமின் கடைக்குப் பூட்டு விழுந்தது.

ஒரு ராணிக்காக ஒரு மனுஷனின் பிழைப்பைக் கெடுத்தோமே என்று கச்கினுக்கு மனசு ஆறவே இல்லை. மன்னிப்புக் கேட்கப் போனபோதெல்லாம் ருஸ்தெம் தேநீர் கொடுத்து, பனியையும் வெயிலையும் பற்றிப் பேசி அனுப்பிவிட்டார்.

இன்று அவரே வந்து எதிரே உட்கார்ந்தார். கச்கின் வாயிலிருந்த தயிர் உருண்டையைத் துப்பிவிட்டு நிமிர்ந்தார். பழைய ருஸ்தெம்தான், வந்த வேகத்தில் கச்கினின் யானை ஒன்றையும் வெட்டிவிட்டார். கூட்டம் நெருங்கி வந்தது. அடுத்த காய்க்குப் போன ருஸ்தெமின் கை நடுங்கி, மந்திரி சாய்ந்து பலகையில் உருண்டது.

கச்கின் பதறிவிட்டார். "பரவால்லண்ணே! திருப்பி வைங்க. எத்தன வாட்டி வேணும்னாலும் வைங்க, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க!"

ருஸ்தெம் அவரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு, எந்த ஆபத்தும் இல்லாமல் நின்றுகொண்டிருந்த தன் வெள்ளை ராஜாவை, தோற்றவர் செய்வதுபோல, ஒரு விரலால் மெல்லச் சாய்த்துப் படுக்கவைத்தார்.