பெயின்ட் அக்கா வாங்கிய ஜெபம்

எங்கள் சபையின் இளைஞர் சேவை முகாமில், பின்பக்க ஷெட்டில் பதினோரு வருஷமாக பிரஷ் கழுவுகிறவள் பெயின்ட் அக்கா. வாராவாரம் புது இளைஞர்கள் வந்து, லிஸ்டில் உள்ள ஏழைகள் வீட்டுக் கூரை ஒழுகலை அடைத்து, பெயின்ட் அடித்து, ஜெபித்துவிட்டுப் போவார்கள். அவள் கூரையும் ஒழுகியது. "ஸ்டாஃப் வீடு லிஸ்ட்ல சேராதுக்கா" என்று முகாம் மேனேஜர் கையை விரித்துவிட்டார்.

போன வாரம் லிஸ்டில் இருந்த கிழவி செத்துப்போனாள். வந்த பிள்ளைகள் மனசு ஒடிந்துவிடுமாம்! மேனேஜர் அக்காவை அந்தக் கிழவி வீட்டு நாற்காலியில், வீட்டுக்காரி மாதிரி உட்கார வைத்தார். "சும்மா தலையாட்டுங்க, போதும்."

வேலை முடிந்ததும் வந்த பிள்ளைகளில் ஒரு பெண் அவள் கையைப் பிடித்தாள். "என்ன ஜெபிக்கணும், ஆன்ட்டி?"

"என் வீடு ஒழுகுது, கண்ணு."

"அதான் சரிபண்ணிட்டோமே!"

எல்லோரும் கைதட்டினார்கள். மேனேஜரும்தான்.