சில்வர் பேனா வட்டங்கள்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினாறு வருஷமாகத் தோல் பார்க்கிறேன். பார்ப்பது என்றால் குறை பார்ப்பது. விளக்குக்குக் கீழே தோலை விரித்து, உள்ளங்கையால் தடவி, உண்ணி கடித்த தழும்பு, முள் கிழித்த கோடு, கத்தி பட்ட இடம் எல்லாவற்றுக்கும் சில்வர் பேனாவால் வட்டம் போட வேண்டும். நல்ல இடத்துக்கு வட்டம் கிடையாது. அதைப் பற்றி யாரும் கேட்பதுமில்லை.

ஏற்றுமதி பிரிவில் குடியாத்தத்துப் பெண் ஒருத்தி சேர்ந்தாள். வெளிநாட்டுக்காரர்களுக்கு மெயில் எழுதும் வேலை. மதியம் என் பக்கத்தில்தான் டிபன் டப்பாவைத் திறப்பாள். ஒருநாள் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். நம் நாட்டுக்காரர்கள் இங்கிலீஷில் எழுதிய கவிதைகள். எனக்கு இங்கிலீஷ் என்றாலே பயம். குறை இருக்கிறதென்று திரும்பி வந்த சரக்கும் அதோடு வந்த திட்டுக் கடிதமும்தான் நான் அறிந்த இங்கிலீஷ். அவள் நிதானமாகப் படித்து அர்த்தமும் சொன்னாள். ஒரு கவிதையில் ஒருத்தி கருவாடு வறுத்தாள், பக்கத்து வீட்டோடு சண்டை வந்தது. இன்னொன்றில் கடைசிவரை ரயில் வரவே இல்லை.

"நம்ம வெயில இங்கிலீஷ்ல எழுதினா ஜாஸ்தி சுடுது இல்லக்கா?" என்றாள்.

சுட்டது. அந்த மொழியில் யாரோ என்னைத் திட்டாமல் பேசியது அதுதான் முதல் தடவை. இரண்டு வருஷம் அப்படிப் படித்ததில் எனக்கும் இங்கிலீஷ் வாசிக்க வந்தது. பிடித்த வரி வந்தால் சோற்றுக் கையை அந்தரத்தில் அப்படியே நிறுத்திவிடுவாள். கை காய்ந்துபோகும். அந்த முகத்தைப் பார்க்கவே நான் காலையிலிருந்து மதியத்துக்குக் காத்திருப்பேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை, தானே இங்கிலீஷில் எழுதிய கவிதையை நீட்டினாள். அவள் எழுதிய முதல் கவிதை.

"யார்கிட்டயும் காட்டல. படிச்சிட்டு எப்படி இருக்குன்னு சொல்லுக்கா."

மணி அடித்துவிட்டதால் என் மேஜைக்கு எடுத்துப் போனேன். விளக்குக்குக் கீழே வைத்தேன். அங்கேதான் என் புத்தி கெட்டது. பேனா கையிலேயே இருந்தது. ஒரே சொல் இரண்டு முறை வந்த இடம், நீண்டுபோன வரி, எங்கேயோ கேட்ட மாதிரி இருந்த முடிவு. ஒன்பது வட்டம். சாயங்காலம் பெருமையோடு திருப்பிக் கொடுத்தேன். அவள் எதைப் பற்றி எழுதியிருந்தாள் என்று இன்று கேட்டால் எனக்குத் தெரியாது. குறைகள் மட்டும் நினைவிருக்கின்றன.

அவள் கோபப்படவில்லை. துப்பட்டா நுனியால் ஒரு வட்டத்தைத் தேய்த்துப் பார்த்தாள். தோலில் என்றால் அந்த மை போய்விடும். தாளில் போகவில்லை.

"கரெக்ட்தான்க்கா" என்று மடித்து வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

அதற்குப் பின்னும் கொஞ்ச நாள் புத்தகம் வந்தது. ஆனால் எந்த வரிக்கும் அவள் கை நிற்கவில்லை. மளமளவென்று சாப்பிட்டு முடித்தாள். பிறகு ராணிப்பேட்டையில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டாள். போகும்போது புத்தகத்தை என்னிடமே விட்டுப்போனாள்.

போன மாதம் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் இப்ப இன்னாத்துக்குக்கா" என்று சிரித்தாள். எழுதுகிறாயா, படிக்கவாவது செய்கிறாயா என்றேன்.

"படிக்க முடியலக்கா. எத எடுத்தாலும் இங்க சரியில்ல, அங்க சரியில்லன்னுதான் கண்ணு போவுது. நல்லா இருக்குன்னே தோண மாட்டேங்குது."

என்னிடம் வேலை பழக வருகிறவர்களுக்கு இந்தக் கண் வாய்க்க நாலைந்து வருஷமாகும். அவளுக்கு ஒரே நாளில் வந்துவிட்டது.