டூயட்டில் எங்கே பார்ப்பது?

சன்னாசிக்கு ஐம்பத்தெட்டு வயதில் வந்த குழப்பம் குரலைப் பற்றியதல்ல, கண்ணைப் பற்றியது.

சுங்காய் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் அவர் காட்டுப்பன்றியை விரட்டப் பாடினார். ஆண்குரல், பெண்குரல் இரண்டும் அவரே. எந்தக் குரலுக்குப் பன்றி ஓடியது என்று தெரியாது. தோட்டம் செம்பனைக்கு மாறியதும் ஈப்போவுக்கு வந்து லோரி ஓட்டினார். இப்போது ஒரு தொழிற்சாலை வாசலில் ஜாகா, அதாவது காவல் வேலை. குனோங் ராபாட் சனிக்கிழமைக் கரோக்கே குழுவில் சேர மூன்று மாதமாக அலைகிறார். ஒரே ஓர் இடம் காலி. சேர வேண்டுமானால் ஒரு டூயட் பாடிக் காட்ட வேண்டும்.

தலைவர் துரைசிங்கம், ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி. ஒருநாளும் பாடியதில்லை. ஆகவே பாடும் முறையெல்லாம் அவருக்கு அத்துப்படி.

"கரோக்கே எண்டது ஜப்பான் சொல், தம்பி. வெற்று வாத்தியக்குழு எண்டு அர்த்தம்."

"வாத்தியக்காரங்க வரலீங்களா, ஐயா?"

துரைசிங்கம் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "டூயட்டில திரையை முறைக்கக்கூடாது, சோடியைப் பாத்துப் பாட வேணும். ஆனா அடுத்தவன் பெண்சாதியை உத்துப் பாக்கக்கூடாது."

சோடியாக எழுந்து வந்தவர் புஷ்பராணி டீச்சர். துரைசிங்கத்தின் பெண்சாதி.

இசை தொடங்கிவிட்டது. முதல் வரியே காதலியின் கண்ணைப் பற்றி. டீச்சரைப் பார்த்தால் ஒரு விதி போகும், பார்க்காவிட்டால் இன்னொன்று. டீச்சரிடம் சொல்ல வேண்டியதை அவர் வீட்டுக்காரரிடமே சொல்லிவிட்டால் யாருக்கு என்ன குறை? முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்த துரைசிங்கத்தைப் பார்த்து, கண்ணையும் இடையையும் சன்னாசி உருகி உருகிப் பாடினார்.

துரைசிங்கத்தின் காது சிவந்தது. பிறகு, யாரும் எதிர்பாராமல், பல் தெரிந்தது.

டீச்சர் தன் வரியைக் கோட்டைவிட்டார். "முப்பத்தாறு வருஷத்தில என்னைப் பாத்து இப்பிடிச் சிரிச்சதில்லையே, இந்த மனுசன்!"

"மன்னிச்சிருங்க டீச்சர், தப்பாயிருச்சு லா."

"என்ன தப்பு? சொல்லும் பாப்பம்," என்றார் துரைசிங்கம். கேட்டவருக்கே விடை தெரியவில்லை போலிருந்தது.

இடம் கிடைத்தது. அடுத்த சனிக்கிழமைக்கு, அதே பாட்டுக்கு, துரைசிங்கம் தன் கையாலேயே இரண்டு பெயர் எழுதினார்: சன்னாசி, துரைசிங்கம்.

சன்னாசி மெதுவாக டீச்சர் பக்கம் போனார். "இதுல யாரப் பாத்துப் பாடுறது, டீச்சர்?"

"என்னைப் பாரும். அவருக்குக் கொஞ்சம் உறைக்கட்டும்."